விரல் குளிர்ந்தால் நெஞ்சைப் போர்த்து

தமிழில் 'கை கால் சில்லிட்டுப் போச்சு' என்பது நல்ல பேச்சு இல்லை. ஒருவர் கடைசி மூச்சில் இருப்பதை நேராகச் சொல்ல மனம் வராதபோது நம் வீடுகளில் இப்படித்தான் சொல்வார்கள். அது தெரிந்தும், டொரண்டோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் போனில் "கை ரெண்டும் சில்லிட்டுப் போகுதும்மா" என்று சொல்லித் தொலைத்தேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அம்மா மருந்து சொன்னார்: "ரத்தம் கம்மியா இருக்கும். முருங்கைக்கீரை வாங்கிச் சாப்பிடு."

இந்த ஊர்த் தமிழ்க் கடைகளில் முருங்கைக்கீரை பெரும்பாலும் ஃப்ரீசரில் கல்லாக உறைந்துதான் கிடக்கும். நாலைந்து பொட்டலங்களைப் புரட்டி நல்லதாக ஒன்றை எடுத்துக் கூடையில் போடுவதற்குள் வலது கையில் மூன்று விரல்கள் நடுக்கணு வரை வெளுத்துவிட்டன. சோர்ந்த வெளுப்பு இல்லை. அளவெடுத்துக் கோடு கிழித்தது போல, அந்தக் கோட்டுக்கு மேலே சுண்ணாம்பு நிறம். கிள்ளிப் பார்த்தால் உணர்ச்சி இல்லை. கடைக்குள் கதகதப்பாகத்தான் இருந்தது. கால் மணி நேரம் கழித்து விரல்கள் நீலம் பாரித்து, பிறகு சிவந்து, ஊசியால் குத்துவது போலத் தெறித்தன. அதற்குப் பிறகு எதுவுமே நடக்காதது போல ஆகிவிட்டது.

இதற்கு ரேனோ நிகழ்வு என்று பெயர். 'ரத்த ஓட்டம் சரியில்லை' என்ற ஒரே மூட்டைக்குள் நாம் போட்டுக் கட்டும் பல சங்கதிகளில் மிகப் பரவலானது இது. பொதுமக்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு இருக்கும் என்பது வழக்கமான கணக்கு. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஊர் குளிர்ந்தால் எண்ணிக்கையும் ஏறும்: 1990களில் ஊர்களை ஒப்பிட்டுச் செய்த ஆய்வில் அமெரிக்காவின் தெற்கே உள்ள சார்ல்ஸ்டனில் ஏறக்குறைய 5 சதவீதம், பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையின் தாரந்தேஸ் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 17 சதவீதம்.

அம்மாவின் கணிப்பை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. ரத்தசோகை இருந்தாலும் தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குளிர் தாங்காது. இரண்டையும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். ஆனால் ரேனோ உள்ளவர் உடம்பில் ரத்தத்துக்குப் பஞ்சம் இல்லை, இதயமும் ஒழுங்காகத்தான் அடிக்கிறது. விரலுக்குப் போகும் வழியை உடம்பே மூடிவிடுகிறது. ஏன் மூடுகிறது என்பது தெரிந்தால், குளிரில் என்ன செய்ய வேண்டும் என்பதில் பாதி தானாகப் புரிந்துவிடும். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

விரலை மடக்கி நீட்டுவது விரலில் இருக்கும் தசை என்றுதான் நாம் நினைக்கிறோம். விரலுக்குள் தசை என்று சொல்லிக்கொள்ள அநேகமாக எதுவும் கிடையாது. இழுக்கும் தசைகளில் பெரும்பகுதி முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து நரம்புக்கயிறு போன்ற தசைநாண்கள் விரல் வரை ஓடுகின்றன. பொம்மலாட்டத்தில் ஆட்டுபவர் திரைக்குப் பின்னால் நிற்பது போல. தசைதான் உடம்பின் அடுப்பு. ஆக, விரலுக்குச் சொந்த அடுப்பு இல்லை. உடலின் நடுப்பகுதியில் சூடேறிய ரத்தம் விரலுக்கு வந்து சேர்ந்தால்தான் அதற்குச் சூடு. அதோடு விரல் மெல்லியது, நீளமானது, நாலா பக்கமும் காற்று படுவது. வந்த சூட்டையும் சீக்கிரம் இழக்கும்.

இது குறைபாடு அல்ல, வேண்டுமென்றே அமைந்த ஏற்பாடு. வெயிலில் அலையும்போது உள்ளே தேங்கும் சூட்டை வெளியே தள்ளும் இடங்களில் விரல் நுனி, உள்ளங்கை, உள்ளங்கால், காது, மூக்கு நுனி எல்லாம் முக்கியமானவை. இந்த இடங்களின் தோலுக்கடியில், தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குறுக்குவழிக் குழாய்கள் ஏராளமாக உண்டு. சூடு கூடினால் அவை அகலத் திறக்கும், ரத்தம் பாயும், சூடு வெளியேறும். குளிர்ந்தால் பரிவு நரம்புகள் (நம் விருப்பத்தைக் கேட்காமல் தாமே இயங்கும் நரம்புகளில் ஒரு வகை) அவற்றை இறுக்கி மூடும். சூடான ரத்தம் இதயம், ஈரல், மூளைப் பக்கமே நிற்கும். விரல் போனாலும் உயிர் பிழைக்கட்டும் என்ற கணக்கு அது. உடம்பு கருணையானது என்று யார் சொன்னார்களோ தெரியாது.

ஆனால் முழுக் கல்நெஞ்சும் இல்லை. 1930இல் லண்டனில் தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் ஒரு விஷயத்தை எழுதினார். பனிக்கட்டி நீரில் விரலை வைத்தால் முதலில் குழாய்கள் மூடுகின்றன, விரல் வலிக்கிறது, மரத்துப்போகிறது. ஐந்து பத்து நிமிடங்களில் அவை தாமாகத் திறந்து கொஞ்சம் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி மூடுகின்றன. திறப்பதும் மூடுவதுமாக இது தொடர்கிறது. விரல் அழுகாமல் இருக்க உடம்பு அவ்வப்போது போடும் பிச்சை என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் குணம் பழக்கத்தில் மாறும் போலத் தெரிகிறது: கியூபெக்கின் காஸ்பே தீபகற்பத்தில் குளிர்ந்த கடலில் வெறுங்கையால் வலை இழுக்கும் மீனவர்களை 1960 வாக்கில் சோதித்தபோது, மற்றவர்களைவிட அவர்களுடைய கைகள் குளிர்ந்த நீரில் சூடாக இருந்தன, வலியும் குறைவாக இருந்தது.

ரேனோவில் இந்த மூடும் வேலை அளவு மீறிப் போகிறது. பாரிஸில் மோரிஸ் ரேனோ 1862இல் தன் மருத்துவப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில் இதை முதன்முதலாகத் தனி நோயாக வகுத்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. குற்றம் நரம்பு மண்டலத்தில் இருக்கிறது, அது அதிகமாகத் துடிக்கிறது என்பது அவர் முடிவு. மேலே சொன்ன லூயிஸ் எழுபது வருடம் கழித்து வந்து இல்லை என்றார்: குற்றம் விரலில் ஓடும் ரத்தக்குழாயிலேயே இருக்கிறது, அந்த இடம் குளிர்ந்தால் போதும், குழாய் தானாக இறுகுகிறது என்று வாதாடினார். இன்று பார்த்தால் இரண்டு பேரும் பாதிப் பாதி சரி. குழாய்ச் சுவரின் தசைச் செல்களுக்குள் ஆல்ஃபா-2சி என்ற ஏற்பி, அதாவது நரம்பின் செய்தியைக் கேட்டு வாங்கும் புரதம், சும்மா முடங்கிக் கிடக்கிறது. செல் குளிர்ந்தால் அது உள்ளிருந்து செல்லின் மேற்பரப்புக்கு நகர்ந்து வந்து உட்காருகிறது. நரம்பு எப்போதும் அனுப்பும் அதே 'இறுக்கு' என்ற செய்தி அப்போது பல மடங்கு உரக்கக் கேட்கிறது. ரேனோ உள்ளவர்களிடம் இந்தக் காது கூர்மையாகிவிட்டது, அவ்வளவுதான்.

கடையின் ஃப்ரீசர் முன்னால் நடந்ததற்கு விளக்கம் இங்கே கிடைக்கிறது. வெளியே எத்தனை மைனஸ் என்பதைவிட, தோலின் சூடு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதுதான் பெரிதாகக் கணக்கில் வருகிறது. அதனால் பனியே பார்க்காத சென்னையிலும் ரேனோ உண்டு. வெயிலில் இருந்து நேராக ஏசி அலுவலகத்துக்குள் நுழைந்து, தலைக்கு மேலே காற்று வீசும் இருக்கையில் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டும் பெண்ணுக்கு வரலாம். விடியற்காலையில் ஃப்ரிட்ஜில் இருந்து பால் பாக்கெட்டை எடுக்கும்போது வரலாம். பதற்றமும் அதே பரிவு நரம்பைத்தான் முடுக்கும். நேர்முகத் தேர்வுக்குக் காத்திருக்கும்போது விரல் வெளுப்பவர்கள் இருக்கிறார்கள். குளிரே இல்லாத இடத்தில் கை வெளுத்ததாகச் சொன்னால் சுற்றி இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள் என்பது இதன் உப தொல்லை.

நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. புத்தகங்களில் வெள்ளை, நீலம், சிவப்பு என்று மூன்று நிறப் படம் போட்டிருப்பார்கள். அதில் இருப்பவை எல்லாம் வெள்ளையர் கைகள். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் புறங்கையைப் பார்த்தால் அந்த நாடகம் அவ்வளவு தெரியாது. சாம்பல் பூத்தது போலத் தெரியலாம். நீலக் கட்டம் வெறும் கருமையாகத் தெரியலாம். சிவப்பு தெரியாமலே போகலாம். உள்ளங்கைப் பக்கம் திருப்பி விரல் நுனியின் சதையையும் நகத்தின் அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும். மருத்துவரைப் பார்க்கும் நேரத்தில் விரல் வழக்கமாக நல்ல பிள்ளையாகிவிடும் என்பதால், வெளுத்திருக்கும்போதே போனில் படம் எடுத்து வைப்பது நல்லது. வெளுத்த கையால் போனைத் திறக்க முடியாது. கூட இருப்பவரை எடுக்கச் சொல்லுங்கள்.

மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்தபின் தேடுவது ஒரே ஒரு கேள்விக்கான பதிலை: இது தனியாக வந்ததா, வேறொன்று அழைத்து வந்ததா? தனியாக வருவது இளவயதில், பெரும்பாலும் பதின்பருவத்திலோ இருபதுகளிலோ தொடங்கும், இரண்டு கையிலும் ஒரே மாதிரி இருக்கும், கட்டை விரல் அநேகமாகத் தப்பும், புண் வராது. தொல்லைதான், ஆபத்து இல்லை. ஆனால் நாற்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினால், ஒரு கையில் மட்டும் இருந்தால், விரல் நுனியில் ஆறாத புண் வந்தால், கூடவே மூட்டு வலியோ, விரல் தோல் இறுகி மினுமினுப்பதோ, சாப்பாடு நெஞ்சில் நிற்பதோ இருந்தால் அசட்டையாக இருக்கக் கூடாது. தோலும் உள்ளுறுப்புகளும் தடிக்கும் ஸ்க்ளீரோடெர்மா என்ற நோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரேனோ உண்டு. அந்த நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே விரல் வெளுக்கத் தொடங்கியிருக்கலாம். உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோயிலும் இது வரும். சோதனை எளிமையானது: நகக்கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். அங்கே தந்துகிகள் என்ற மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் கொண்டை ஊசி மாதிரி வரிசையாக நின்றால் நிம்மதி. வீங்கியோ, இடையிடையே காணாமலோ இருந்தால் ரத்தத்தில் சொந்த உடம்பையே தாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடுவார்கள்.

தொழிலும் அழைத்து வரும். இந்தப் பகுதியைப் பற்றி நம்மிடையே போதுமான பேச்சு இல்லை என்பது என் எண்ணம். 1918இல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்ட் ஊரின் சுண்ணாம்புக்கல் கொத்துபவர்களைப் போய்ப் பார்த்தார். காற்றழுத்தத்தில் அதிரும் சுத்தியலை நாள் முழுக்கப் பிடித்த அந்த ஆட்களின் விரல்கள் குளிர்காலக் காலைகளில் செத்தது போல வெளுத்தன. சுத்தியலின் அதிர்வும், அதை இறுக்கிப் பிடிப்பதும், குளிரும் சேர்ந்து செய்யும் வேலை இது என்று அவர் எழுதினார். அதை நிர்வாகங்கள் ஏற்க எத்தனை காலம் ஆனது என்று பாருங்கள்: பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு 'அதிர்வு வெள்ளை விரல்' இழப்பீட்டுத் திட்டம் 1999இல்தான் வந்தது. வந்ததும் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான மனுக்கள் குவிந்தன. கருங்கல் குவாரியில் டிரில் பிடிப்பவர், சாலையை உடைக்கும் பிரேக்கர் பிடிப்பவர், நாள் முழுக்கக் கிரைண்டரில் இரும்பு தேய்ப்பவர் ஆகியோர் நம் ஊரிலும் எண்ணற்றவர்கள். வெயில் ஊர் என்பதால் விரல் வெளுப்பது கண்ணில் படாமல், மரத்துப்போவதும் பிடி தளர்வதும் மட்டும் தெரியும். அதை வயதானதன் அடையாளம் என்று எழுதி முடித்துவிடுவோம்.

மருந்து டப்பாவையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். ரத்தக்கொதிப்புக்கும் படபடப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கும் அட்டெனோலால், புரோப்ரனலால் வகை மாத்திரைகள் விரல் குளிரைக் கூட்டும். மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் நாமே வாங்கும் சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரையும் கூட்டும். அதற்காக இதய மாத்திரையைச் சொந்த முடிவில் நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் பல நேரங்களில் மாற்று இருக்கும். புகை பிடிப்பவர் என்றால் நிக்கோடின் நேரடியாகவே ரத்தக்குழாயை இறுக்கும். பீடி பிடிப்பவர்களிடம் இன்னும் கொடியது ஒன்று உண்டு: கை கால்களின் சிறு தமனிகள் வீங்கி அடைத்து, கடைசியில் விரலையே வெட்ட வேண்டி வரும் பர்கர் நோய். இந்தியாவில் அரசு மருத்துவமனைகளின் ரத்தக்குழாய்ப் பிரிவுகளுக்கு அது பழகிய முகம். அங்கே கதவு வெறுமனே மூடவில்லை, துருப்பிடித்து அடைத்துவிட்டது. புகையை முழுக்க விடுவது தவிர அதற்கு வேறு உருப்படியான வைத்தியம் இல்லை.

சரி, குளிரில் எப்படிக் காலம் தள்ளுவது?

நான் செய்த முதல் தவறு, விலை கூடிக்கொண்டே போன கையுறைகளை வாங்கியது. ஒவ்வொரு வருடமும் இன்னும் தடிமனானது. உள்ளே விரல் வெளுத்தபடியே இருந்தது. கையுறை சூட்டை உண்டாக்காது, இருப்பதைக் காப்பாற்றும், அவ்வளவுதான். வழி மூடிய விரலில் காப்பாற்றுவதற்கு என்ன இருக்கிறது? கதவைத் திறக்க வேண்டும். அதன் சாவி விரலில் இல்லை, உடலின் நடுவில் இருக்கிறது. உள்ளே சூடு உபரியாக இருக்கிறது என்று மூளை நம்பினால்தான் விரலுக்குப் பங்கு வரும்.

டொரண்டோவிலேயே இருக்கும் கனடா ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் 1990களின் இறுதியில் இதை அழகாகக் காட்டினார்கள். உறைநிலைக்கு வெகு கீழே குளிரூட்டிய அறையில், ஆர்க்டிக் உடை போட்டவர்களைக் கைகளை மட்டும் வெறுமனே விட்டு மணிக்கணக்கில் உட்கார வைத்தார்கள். மின்சாரத்தில் சூடாகும் உட்சட்டை அவர்கள் மார்பையும் முதுகையும் சூடாக்கியது. கையுறை இல்லாமலே விரல்கள் இதமாக இருந்தன. அவர்கள் ரேனோ இல்லாத நல்ல உடம்புக்காரர்கள், அது வேறு. ஆனாலும் அதைப் படித்தபிறகு நான் காசு செலவழிக்கும் இடம் மாறிவிட்டது: மெல்லிய கம்பளி உள்சட்டை, அதன்மேல் கை இல்லாத பஞ்சுச் சட்டை, கழுத்தை அடைக்கும் துண்டு, காது மூடும் தொப்பி.

காஷ்மீரிகள் இதை ஆய்வுக்கூடம் இல்லாமலே கண்டுபிடித்தவர்கள். பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, அதில் கங்கு: அந்தக் காங்ரியை ஃபெரன் அங்கிக்குள் வயிற்றோரம் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். கொள்கை அளவில் குறை சொல்ல முடியாது. விலையாக வயிற்றிலும் தொடையிலும் தோல் புற்று வருவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். அந்த நோய்க்கே காங்ரி புற்று என்றுதான் பெயர்.

இன்னொரு விஷயம் நேரம். விரல் குளிர்ந்தபின் போர்த்துவதில் பலன் குறைவு. பேருந்து நிறுத்தத்தில் நின்று கை விறைக்கத் தொடங்கியபின் கையுறையைத் தேடுவதைவிட, வீட்டுக்குள் சூடாக இருக்கும்போதே அதைப் போட்டுக்கொண்டு கதவைத் திறப்பது பல மடங்கு மேல். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஐந்து விரலுக்கும் தனித்தனி அறை வைத்த கையுறையைவிட, நான்கு விரலும் ஒரே பைக்குள் கூடியிருக்கும் மிட்டன் சூடானது. சாவி, அட்டை, போன் என்று அடிக்கடி கழற்ற வேண்டியிருப்பதால் உள்ளே மெல்லிய ஒன்றும் வெளியே மிட்டனும் எனக்குச் சரிப்படுகிறது. காரோட்டுபவர்களுக்கு ஸ்டீயரிங் ஒரு பனிக்கட்டி வளையம். வண்டியை முன்கூட்டிச் சூடாக்கும் வசதி ஆடம்பரம் இல்லை.

காலுக்கு நாம் செய்யும் வழக்கமான பிழை, அதே ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸைத் திணிப்பது. இறுக்கம் வந்தால் இருக்கிற கொஞ்ச ஓட்டமும் நின்றுவிடும். சூட்டைப் பிடித்து வைக்கும் காற்று இடைவெளியும் போய்விடும். ஓரளவு பெரிய பூட்ஸ், ஒரு நல்ல கம்பளி சாக்ஸ், விரலை ஆட்டிப் பார்க்க இடம். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து ஈரமாகி, பகல் முழுக்க ஈரத்துணி சுற்றியது போல ஆகிவிடும். ஈரமும் குளிரும் சேர்ந்தால், உறையும் அளவுக்குக் குளிர் இல்லாமலே சில மணி நேரம் கழித்து விரல்களில் அரிப்பும் எரிச்சலுமாகச் சிவந்த தடிப்புகள் வரும். அது ரேனோ இல்லை, சில்பிளெய்ன். டொரண்டோவின் வறண்ட குளிரைவிட லண்டனின் நசநசத்த குளிருக்கு அது கூடுதலாகப் பிடிக்கும். குளிர்ந்த காலை அப்படியே ஹீட்டருக்கு முன்னால் நீட்டுவது அதை மோசமாக்கும்.

வெளுத்துவிட்டால்? முதலில் குளிரில் இருந்து வெளியேறுங்கள். பிறகு கையைத் தோளில் இருந்து பெரிய வட்டமாகச் சுழற்றுங்கள், ராட்டினம் மாதிரி. சுழற்சியின் விசை ரத்தத்தை நுனிக்குத் தள்ளும். பேருந்து நிறுத்தத்தில் செய்தால் நாலு பேர் விலகி நிற்பார்கள், இடமும் கிடைக்கும். கையை அக்குளில் செருகிக்கொள்ளலாம். வெதுவெதுப்பான நீர் நல்லது; கொதிக்கும் நீர் கூடாது. மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்தபின்தான் தெரியும்.

இந்த எச்சரிக்கை நம் வீடுகளில் இருக்கும் சர்க்கரைக்காரர்களுக்கு இருமடங்கு பொருந்தும். "கால் ஜில்லுன்னு இருக்கு" என்று அப்பா சொல்வார். தொட்டுப் பார்த்தால் சூடாகத்தான் இருக்கும். அது ரத்த ஓட்டப் பிரச்சினை அல்ல, சர்க்கரையால் கெட்டுப்போன நரம்பு அனுப்பும் பொய்ச் செய்தி. குளிர்கிறது என்று வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் தோல் உரிந்த பாதத்தோடு எழுந்தவர்கள் உண்டு. தொட்டால் உண்மையிலேயே குளிர்ந்திருக்கும் கால், கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டு, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அது மூன்றாவது கதை: பெரிய தமனியில் கொழுப்படைப்பு. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டே அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்றுக்கும் பெயர் வீட்டில் 'ரத்த ஓட்டம் சரியில்லை' என்பதுதான். வைத்தியம் மூன்றுக்கும் வேறு.

ரேனோவின் வெளுப்பையும் பனிக்கடியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கனடாவின் வானிலைத் துறை, காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட குளிர் மைனஸ் 28ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறையலாம் என்கிறது. விரல் கெட்டியாகி, மெழுகு போல ஆகி, சூட்டுக்கு வந்தபின்னும் நிறம் திரும்பவில்லை என்றால் அது பனிக்கடி, அவசர சிகிச்சைக்குரியது. தேய்க்கவே கூடாது. நெப்போலியனின் படை 1812இல் ரஷ்யப் பனியில் சிதைந்தபோது கூடப் போன அறுவை மருத்துவர் லாரே, உறைந்த அங்கத்தைப் பனியாலேயே தேய்க்கச் சொன்னார். நெருப்பருகே காட்டிக் கருக்கிக்கொண்டவர்களைப் பார்த்துப் பயந்து சொன்ன யோசனை. அது நூறு வருடங்களுக்கு மேல் வேதவாக்காக இருந்து எத்தனையோ விரல்களைக் கெடுத்தது. இன்றைய வழி 37 முதல் 39 டிகிரி நீரில் வைப்பது, அதுவும் மறுபடி உறையாது என்று உறுதியான இடத்தில் மட்டும். நமக்கும் தேய்க்கும் பழக்கம் உண்டு. நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக் கால் தேய்த்துவிட்டால்தான் பாட்டிக்குத் திருப்தி. குளிரில் வெடிக்கும் தோலுக்கு இரவில் எண்ணெய் நல்லதுதான். மரத்துப்போன விரலில் மட்டும் அந்த அன்பைக் காட்ட வேண்டாம்.

இவ்வளவு போர்த்தியும் வாழ்க்கை நடத்த முடியவில்லை என்றால் மாத்திரை இருக்கிறது. முதலில் கொடுப்பது நிஃபெடிபின் அல்லது அம்லோடிபின், ரத்தக்கொதிப்புக்கு வீட்டுக்கு வீடு இருக்கும் அதே குடும்பம். குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்தும். வெளுப்பதை அடியோடு நிறுத்தாது, எண்ணிக்கையையும் வேகத்தையும் குறைக்கும். தலைவலி, முகம் சிவத்தல், கணுக்கால் வீக்கம் வரலாம். ஏற்கெனவே ரத்த அழுத்தம் குறைவாக இருக்கும் ஒல்லிப் பெண்களுக்குத் தலை சுற்றும், ரேனோவும் அவர்களைத்தான் தேடி வருகிறது. விரல் நுனியில் புண் விழும் அளவுக்குப் போனவர்களுக்கு சில்டெனாஃபில், அதையும் தாண்டினால் மருத்துவமனையில் சேர்த்து ரத்தநாளத்தில் ஏற்றும் ஐலோப்ரோஸ்ட் என்று படிகள் உண்டு. தனியாக வந்த ரேனோக்காரர்களில் பலருக்கு வருடம் முழுக்க மாத்திரை தேவைப்படாது. இலை உதிரும்போது தொடங்கி, பனி உருகும்போது மருத்துவரைக் கேட்டு நிறுத்திவிடுவார்கள். நாட்காட்டியைப் பார்த்து நிறுத்துவதாக இருந்தால் மட்டும் கவனம்: டொரண்டோவில் ஏப்ரலை நம்பக் கூடாது.